உடற்பருமனுக்கு அறுவை: எதனைத் தேர்வது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஜூன் திங்களில் ஒரு மாலைப்பொழுது. நமக்கு நெடுநாள் அறிமுகமான ஆசிரியை ஒருவர் தம் கணவருடன் நம் இல்லம் தேடி வந்தார். சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, வயது 46. நான்கு படிகள் ஏறி வந்ததிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் அமர்ந்து சற்று ஆறிய பின்னர், கைப்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டோம், ஐயா. இருவரும் அறுவைதான் வழி என்கிறார்கள். ஆனால் ஒருவர் எழுதியிருப்பது ஒன்று, மற்றவர் எழுதியிருப்பது வேறொன்று. எதை நம்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றார்.

ஒரு சீட்டில் 'ஸ்லீவ்' என்றும், மற்றொன்றில் 'பைபாஸ்' என்றும் எழுதப்பட்டிருந்தன. கணவர் முன்னதன் பக்கம் நின்றார். "அதில் குடலைத் தொடுவதே இல்லையாம், சிறிய அறுவையாம், செலவும் குறைவாம்" என்பது அவர் வாதம். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. தம் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நாம் மருத்துவர் அல்லோம். எனினும், இத்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்த மருத்துவ நண்பர் ஒருவரிடம் அவ்விருவரையும் அழைத்துச் சென்றும், ஆய்வேடுகள் சிலவற்றைப் படித்தும் அவ்விரு சீட்டுகளின் பொருளை ஒருவாறு அறிந்துகொண்டோம். அதனை அம்மையாரின் இசைவு பெற்றே ஈண்டு எழுதுகின்றோம். ஊரும் பேரும் வேண்டா என்று கேட்டுக்கொண்டார், அவ்வாறே ஆகுக.

யாருக்கு இவ்வறுவை?

பருத்தவர் அனைவர்க்கும் உரியதன்று இது. உடல் எடையைக் கிலோவில் கணித்து, உயரத்தை மீட்டரில் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதே பருமன் குறியீட்டெண். 1991-இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்று, இவ்வெண் 40-க்கு மேற்பட்டோர்க்கும், நீரிழிவு போன்ற நோய்களுடன் 35-க்கு மேற்பட்டோர்க்கும் அறுவை தகும் என்று வரையறுத்தது. நம்மவர்க்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுகின்றமையால், இந்திய மருத்துவர் அவ்வரம்புகளை 37.5 என்றும் 32.5 என்றும் தாழ்த்திக்கொண்டனர். 2022-இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் அவற்றை இன்னும் தளர்த்தியுள்ளன.

நம் ஆசிரியையின் எடை 112 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர், குறியீட்டெண் 45. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி. ஆகவே அறுவை தேவையா என்பதில் ஐயம் எழவில்லை. ஆனால் அவர் உள்ளத்தில் வேறொரு முள் தைத்திருந்தது. "வாயைக் கட்டத் தெரியாதவள் என்றுதானே ஊர் சொல்லும்?" என்று கேட்டார். தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று எனச் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்தவர், தம் உடலையே தமக்கு எதிரான சாட்சியாகக் கருதிக் குமைந்திருந்தார் போலும்.

மருத்துவ நண்பர் இதற்கு விடையளித்த முறை நம் உள்ளத்தில் பதிந்துவிட்டது. "அம்மா, நீங்கள் எத்தனை முறை பட்டினி கிடந்து எடையைக் குறைத்திருக்கிறீர்கள்?" என்றார். "நான்கு முறை, டாக்டர். ஒருமுறை 14 கிலோ குறைந்தேன்." "பிறகு?" "எல்லாம் திரும்பி வந்துவிட்டது." "அது உங்கள் மனத்தின் குறையன்று. எடை குறையத் தொடங்கியதும் உடல் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிப் பசியைப் பெருக்கும். செலவழிக்கும் ஆற்றலைச் சுருக்கும். அறுவை செய்வது வயிற்றைச் சிறிதாக்குவது மட்டுமன்று, அந்தப் பசிக் கணக்கையே மாற்றுவது" என்றார் அவர். அம்மையார் அன்று முதன்முறையாகச் சிரித்ததைக் கண்டோம்.

தவறுகளால் கற்ற துறை

இத்துறையின் தொடக்கம் 1954-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தினர், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து, அதன் முற்பகுதியைப் பிற்பகுதியோடு இணைக்கும் முறையை வெளியிட்டனர். பின்னர் பரவிய ஒரு வகையில், உணவு கடந்து செல்ல எஞ்சியது முன்குடலில் 14 அங்குலமும் பின்குடலில் 4 அங்குலமுமே. உண்டது செரியாமலே வெளியேறிற்று. எடையும் மளமளவெனக் குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், சிலருக்குக் கல்லீரல் கெட்டு மரணமும் நேர்ந்தன. 1980-ஐ ஒட்டி அம்முறை கைவிடப்பட்டது. நம் நாட்டில் இன்றும் 'குடலை வெட்டி ஒட்டுவது' என்றவுடன் மக்கள் அஞ்சுவதற்கு அந்நாளைய கதைகளின் எதிரொலியும் ஒரு காரணமாகலாம் என்பது நம் எண்ணம்.

அடுத்து வந்தவர் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்டு மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கப்பெற்ற பெண்கள் மீண்டும் பருப்பதில்லை என்பதை அவர் கண்டார். அதனைப் பின்பற்றி 1966-இல் இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்தார். இன்றைய 'பைபாஸ்' அதன் வழித்தோன்றலே. உணவுப் பாதையும் பித்தநீர்ப் பாதையும் ஆங்கிலத்தின் 'ஒய்' எழுத்தைப் போலக் கூடும் இன்றைய வடிவம், சுவிட்சர்லாந்தின் செசார் ரூ என்னும் பழைய அறுவை மருத்துவரின் பெயரால் வழங்குகின்றது.

இடையில் வேறொரு முறை பெரும் புகழ் பெற்றது: இரைப்பையின் மேற்புறத்தைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையத்தைப் பூட்டி, தோலுக்கடியில் வைத்த சிறு வாயில் வழியே உப்புநீரை ஏற்றியும் இறக்கியும் அதனை இறுக்கவும் தளர்த்தவும் செய்வர். எதையும் வெட்டுவதில்லை, வேண்டாமெனில் எடுத்துவிடலாம். அமெரிக்க அரசு 2001-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் நாளடைவில் வளையம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுதல், எடை போதிய அளவு குறையாமை ஆகியவற்றால் பலர் மறு அறுவைக்கு வந்தனர். இன்று அதனைப் புதிதாகப் பொருத்துவோர் மிகச் சிலர். எளிதாகத் தோன்றுவது எப்போதும் எளிதாக முடிவதில்லை என்று நண்பர் கணவரைப் பார்த்துக் கூறினார். அவர் புரிந்துகொண்டாரா என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை.

சட்டைக்கை

ஸ்லீவ் என்றால் சட்டைக்கை என்று பொருள். இம்முறையில் இரைப்பையின் வளைந்த வெளிப்புறம் முழுவதையும் நீளவாக்கில் வெட்டி அப்புறப்படுத்துவர். நான்கில் மூன்று பங்கிற்கும் மேல் போய்விடும். எஞ்சுவது சட்டைக்கை போன்றதொரு குழல். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை, தேநீர்க் குவளை அளவே கொள்வதாகிவிடும். முதலில் இஃது ஒரு தனி அறுவையாகவே கருதப்படவில்லை. மிகப் பருத்து, பெரிய அறுவையைத் தாங்க இயலாதோர்க்கு முதற்கட்டமாகச் செய்தனர். அவர்களுள் பலர் இரண்டாம் கட்டம் வேண்டாத அளவுக்கு இளைத்துவிட்டமையைக் கண்டே, இதனைத் தனி முறையாக ஏற்றனர்.

வெட்டி எறியப்படும் அப்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு மிகுதியாக உண்டாகின்றது. 1999-இல் ஜப்பானியர் இதனைக் கண்டறிந்தனர். எனவே அறுவைக்குப் பின் பசியே மட்டுப்படுகின்றது. குடல் தொடப்படுவதில்லை, சத்துக்களை ஈர்க்கும் வழி பெரிதும் அப்படியே இருக்கும், அறுவை நேரமும் குறைவு. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. கணவர் கேள்விப்பட்டவற்றில் பொய் ஏதுமில்லை.

ஆனால் வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது. அகன்ற பை இறுகிய குழலாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் மிகும். அமிலம் மேல்நோக்கி உணவுக்குழாய்க்குள் வழி தேடும்.

இவ்விடத்தில்தான் நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, இரவில் படுத்தால் நெஞ்சு எரிகிறதா? புளித்த நீர் தொண்டைக்கு வருகிறதா?"

"அது பத்து வருடமாக இருக்கிறதே, டாக்டர். இரண்டு தலையணை வைத்துத்தான் படுப்பேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?"

நண்பர் உடனே சீட்டு எழுதினார்: எண்டோஸ்கோப்பி. வாய் வழியே விளக்குக் குழாயைச் செலுத்தி உள்ளே பார்க்கும் சோதனை. இரண்டு நாட்களில் முடிவு வந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தால் புண்பட்டிருந்தது. இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தின் துளை வழியே சிறிது மேலேறியும் இருந்தது. அதற்கு முன்னர் இச்சோதனையை அவருக்கு எவரும் செய்திருக்கவில்லை.

மாற்றுப்பாதை

பைபாஸ் முறையில் இரைப்பையின் உச்சியில் முட்டையளவு சிறு பை ஒன்றைப் பிரித்தெடுப்பர். கொள்ளளவு சுமார் 30 மில்லி லிட்டர். சிறுகுடலை வெட்டி அதன் கீழ்முனையை மேலே கொணர்ந்து இப்பையோடு இணைப்பர். எஞ்சிய பெரிய இரைப்பை அகற்றப்படாமல் உள்ளேயே இருக்கும். அதன் சாறும் பித்தநீரும் கணையநீரும் வேறு வழியாக வந்து, கீழே ஒரு மீட்டர் அளவு தள்ளி உணவோடு கலக்கும். இரண்டு இணைப்புகள், ஆகவே வேலை பெரிது.

அமிலம் சுரக்கும் பகுதி உணவுக்குழாயிலிருந்து பிரிந்துவிடுவதால் நெஞ்செரிச்சல் பெரும்பாலோர்க்குத் தணிந்துவிடும். உணவு விரைந்து கீழ்க்குடலை அடைவதால் இன்சுலினை ஊக்கும் சுரப்புகள் பெருகுகின்றன. எடை குறையுமுன்னரே, அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்குவதை மருத்துவர்கள் கண்டு வியந்தனர். அமெரிக்க மருத்துவர் வால்டர் போரீஸ் 1995-இல் இதனை விரிவாக எழுதிய பின்னரே, உலகம் இதனை நீரிழிவுக்கான அறுவையாகவும் நோக்கலாயிற்று. ஆயினும் நீரிழிவு வந்து சில ஆண்டுகளே ஆனவர்க்கும், இன்சுலின் ஊசி தேவைப்படாதவர்க்குமே பயன் மிகுதி.

பின்லாந்து நாட்டில் 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஸ்லீவும் மற்றவர்க்குப் பைபாஸும் செய்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முடிவு 2022-இல் வெளிவந்தது. மிகை எடையில் ஸ்லீவ் பிரிவினர் குறைத்தது நூற்றுக்கு ஏறத்தாழ 43. பைபாஸ் பிரிவினர் ஏறத்தாழ 51. இதனை நம் ஆசிரியைக்குப் பொருத்திப் பார்த்தோம். அவர் உயரத்திற்கு உரிய எடை 62 கிலோ எனக் கொண்டால் மிகை 50 கிலோ. பத்தாண்டு கழித்து ஒன்றில் சுமார் 22 கிலோவும், மற்றதில் சுமார் 26 கிலோவும் குறைந்திருக்கும். நான்கு கிலோ வேறுபாடு! இதற்காகவா இத்தனை விவாதம்?

ஆனால் அதே ஆய்வின் மற்றோர் எண்ணைப் பாருங்கள். உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் பிரிவில் நூற்றுக்கு 31 பேருக்கு. பைபாஸ் பிரிவில் 7 பேருக்கே. 2018-இல் வெளியான சுவிட்சர்லாந்து நாட்டு ஐந்தாண்டு ஆய்வும் இதனையே காட்டிற்று. எத்தனை கிலோ குறையும் என்பதன்று வினா. எந்த நோயோடு அறுவை மேசைக்குச் செல்கின்றோம் என்பதே என்று அன்றிரவு நம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

ஆயின் பைபாஸே முடிவா?

அவ்வளவு எளிதாக முடியவில்லை. நண்பர் மேலும் இரண்டு செய்திகளைக் கேட்டறிந்தார்.

முழங்கால் வலிக்கு அம்மையார் நாள்தோறும் ஒரு வலி மாத்திரை விழுங்கிவந்தார். பைபாஸ் செய்துகொண்டவர் ஐபுபுரூபன், டைக்குளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடலாகாது. புதிய இணைப்பில் புண் விழுந்து, ஓட்டையாகி உயிருக்கே இடர் செய்யும். புகையிலையும் அவ்வாறே. இரண்டாவது, மாதவிலக்கில் மிகுந்த போக்கினால் அவருக்கு ஹீமோகுளோபின் 9 கிராமே இருந்தது. இரும்புச் சத்து உடலில் ஏறுவது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். பைபாஸில் உணவு தவிர்த்துச் செல்வதும் அப்பகுதியையே. முன்னரே இரத்தம் குன்றியவர்க்கு இது மேலும் குறையும்.

ஆக, நெஞ்சு பைபாஸ் என்றது. முழங்காலும் இரத்தமும் ஸ்லீவ் என்றன.

"நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதைச் செய்வீர்கள், டாக்டர்?" என்று அம்மையார் கேட்டார்.

"இரத்தக் குறைவை ஊசியால் சரிசெய்யலாம், மாதப்போக்கிற்கும் மருத்துவம் உண்டு. முழங்காலுக்குப் பாராசிட்டமால் கொள்ளலாம். 30 கிலோ இறங்கினால் முழங்காலே உங்களுக்கு நன்றி சொல்லும். ஆனால் இப்போதே புண்பட்டிருக்கும் உணவுக்குழாயின் கீழே அழுத்தம் மிகுந்த குழலை வைத்துவிட்டால், அதைச் சரிசெய்யப் பின்னர் பைபாஸ்தான் செய்ய வேண்டும். ஓர் அறுவைக்கு இரண்டு அறுவை. அதனால் நான் பைபாஸ் என்பேன். ஆனால் ஒன்று. ஆயுள் முழுதும் சத்து மாத்திரை தவறாமல் விழுங்கவும், ஆண்டுதோறும் இரத்தச் சோதனைக்கு வரவும் உங்களால் முடியாது என்றால், நான் சொன்னதை மறந்துவிடுங்கள்."

பிற முறைகளையும் கேட்டோம். ஒரே இணைப்போடு முடியும் சிற்றுவழி பைபாஸ் ஒன்று உண்டு. 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய இது நம் நாட்டிலும் மிகுதியாகச் செய்யப்படுகின்றது. எடை நன்கு குறையும். ஆனால் பித்தநீர் மேலேறலாம் என்ற ஐயத்தால் நெஞ்செரிச்சல் உடையோர்க்குச் சிலர் தயங்குவர். பிரான்சு நாட்டு ஆய்வொன்றில், 200 சென்டிமீட்டர் குடலைத் தவிர்த்தபோது சத்துக்குறைவு மிகுந்தது. ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் தவிர்க்கும் 'டியோடினல் ஸ்விட்ச்' எல்லாவற்றினும் வலியது. எடை குறைவதும் அதில்தான் மிகுதி, புரதமும் வைட்டமினும் குறைவதும் அதில்தான் மிகுதி. மிகப் பெரும் பருமன் உடைய சிலர்க்கே அது உரியது.

வார ஊசிகளைப் பற்றியும் கணவர் கேட்டார். செமகுளூடைடு என்னும் மருந்து 2021-இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கென ஒப்புதல் பெற்றது. பின்னர் வந்த டிர்செப்படைடு அதனினும் வலியது. பலர்க்கு இவை பெரும் பயன் தருகின்றன. ஆனால் நிறுத்தினால் எடையின் பெரும்பங்கு திரும்புகின்றது. எனவே ஆண்டுக்கணக்கில் வாங்க இயலுமா என்ற கணக்கும் சேர்கின்றது. ஓர் ஆசிரியைக் குடும்பத்தில், கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் இருவரை வைத்துக்கொண்டு, அக்கணக்கு ஒத்துவரவில்லை.

அறுவையினால் நேரும் மரணம், தேர்ந்த நிலையங்களில் ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை என்று நண்பர் மறைக்காமல் கூறினார். இணைப்புக் கசிதல், இரத்தக் கட்டி, பிற்காலத்தில் குடல் முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றையும் சொன்னார். வயிற்றுப் புற்றுநோய் குடும்பத்தில் உண்டா என்றும் கேட்டார். பைபாஸுக்குப் பின் உள்ளே தங்கும் பெரிய இரைப்பையை வழக்கமான எண்டோஸ்கோப்பியால் எட்டிப்பார்க்க இயலாதாகலின். நல்லவேளையாக இல்லை. இளம்பெண்கள் அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதையும், மதுப்பழக்கம் உடையோர்க்குப் பைபாஸுக்குப் பின் சிறிதளவே விரைந்து ஏறி, பழக்கம் முற்றும் என்பதையும் இங்குச் சேர்த்துக் குறிப்பிடுகின்றோம். இவ்விரண்டும் நம் ஆசிரியைக்கு உரியன அல்ல.

பின்னர் நடந்தவை

இரத்தம் ஊற மூன்று திங்கள் ஆயிற்று. இரும்புச் சத்தை நரம்பின் வழியே ஏற்றினர். ஈரலின் கொழுப்பைச் சுருக்க இரண்டு வாரம் மாவுப்பொருள் குறைந்த உணவு. அக்டோபர் திங்களில் சிறுதுளைகள் வழியே பைபாஸ் நடந்தது. மூன்றாம் நாள் எழுந்து நடந்து நம்மை வரவேற்றார்.

முதல் ஆறு திங்கள் எளிதாயிருக்கவில்லை. நான்காம் திங்களில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. புரதம் நாளொன்றுக்கு 60 கிராமேனும் வேண்டுமென்பதால் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னுக்குத் தள்ளினார். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. அரை மணி நேரம் கழித்தே. கிறிஸ்து பிறப்பு விழாவன்று உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு துண்டு கேக் உண்டார். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றிப் படுத்துவிட்டார். இனிப்பு விரைந்து குடலில் இறங்குவதால் நேர்வது இது. "சின்னத் துண்டுதானே, அக்கா" என்று தட்டை நீட்டிய தங்கை அழுதேவிட்டாராம். ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தபோது, கணவர் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தயமின் என்னும் வைட்டமின் குறைந்தால் நரம்புகள் நிலையாகக் கெட்டுவிடும் என்று நண்பர் முன்னரே எச்சரித்திருந்தது அவர் நினைவில் இருந்தது. அன்று 'சிறிய அறுவை' என்று வாதிட்டவர்தாம். இன்று மாத்திரைப் பெட்டியில் ஏழு நாளுக்கும் அறை பிரித்து, இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதபடி காலையும் இரவுமாக அடுக்கிவைப்பவர் அவரே.

ஒன்றரை ஆண்டில் எடை 78 கிலோ. நீரிழிவு மாத்திரை நின்றது. இரத்த அழுத்த மாத்திரை இரண்டில் ஒன்று நின்றது. ஒரு தலையணையோடு உறங்குகின்றார். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டவில்லை. இரும்புச் சத்து இன்னும் தொடர்கின்றது. வரும் ஆண்டுகளில் சில கிலோ திரும்பக்கூடும் என்பதையும் அறிந்திருக்கின்றார்.

சென்ற வாரம் நம்மைக் காண வந்தபோது, கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். தாமே எழுதி, பள்ளி அடையாள அட்டையைப் போலப் பிளாஸ்டிக் உறையிட்டது: 'இரைப்பை பைபாஸ் அறுவை செய்யப்பட்டவர். வலி மாத்திரை கொடுக்கலாகாது. நீடித்த வயிற்றுவலி வந்தால் அறுவை மருத்துவரிடம் காட்டுக.' அதன் கீழே கணவரின் தொலைபேசி எண்.

"எங்கள் பஸ்ஸில் எங்கேயாவது மயங்கி விழுந்தால், எந்த டாக்டர் கையில் அகப்படுவேனோ தெரியாதே, ஐயா" என்றார். பின்னர், படிகளில் இறங்கிப் போனார். கைப்பிடிச் சுவரைப் பற்றவில்லை.